காற்றில் தண்ணீர் ஆகாது

காத்தண்ணனுக்கு மூக்கு அடைத்துக்கொண்ட கதையைச் சொல்வதென்றால், காற்றைப் பற்றி அவர் வைத்திருந்த கர்வத்தை முதலில் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் பங்க்குக்கும் மரக்கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது அவருடைய டயர் கடை. சைக்கிளிலிருந்து லாரி வரை அந்தச் சாலையில் உருளுகிற எதுவும் அவர் கைக்காற்று வாங்காமல் போனதில்லை. அதனால் அவர் காத்தண்ணன். சாலைக்கே அவர் அண்ணன் ஆகிவிட்டபடியால் அவர் மனைவி சாலைக்கே அண்ணி ஆகிப்போனார். பங்க்கில் வேலை பார்க்கும் பல் போன பெரியவர்கூட அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

டயரின் மேல் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் போதும், உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று காத்தண்ணன் சொல்லிவிடுவார். அப்புறம் மீட்டரை வைத்துப் பார்ப்பதெல்லாம் வாடிக்கையாளரின் மனத் திருப்திக்காக. மீட்டர் வேறு எதையாவது காட்டினால் மீட்டர்தான் பழுது. இப்படிப்பட்டவருக்குக் காற்று விஷயத்தில் வேதவாக்கு ஒன்று இருந்தது: காற்றில் தண்ணீர் ஆகாது. காற்றை அமுக்கி அடைக்கும் கம்ப்ரஸரின் வயிற்றில் ஈரம் சேரும். அந்த ஈரம் குழாய் வழியாக டயருக்குள் போனால் இரும்பு துருப்பிடிக்கும், வால்வு கெடும், பேர் கெடும். ஆகவே மாலையில் கடையைச் சாத்துமுன் குனிந்து, கம்ப்ரஸருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து, சேர்ந்த தண்ணீரையெல்லாம் புஸ்ஸென்று வெளியேற்றிவிட்டுத்தான் நிமிர்வார். கடைச் சாவியை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனது உண்டு. திருகை மறந்தது கிடையாது.

அவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. நினைத்த இடத்தில் தூங்குவார். முடிவெட்டுகிறவர் நாற்காலியில், டீக்கடை பெஞ்சில், வங்கியில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கு வேண்டுமானாலும். பக்கத்தில் சத்தம் கேட்டால் மரக்கடையில் ரம்பம் ஓடுகிறதா, காத்தண்ணன் கண்ணயர்ந்துவிட்டாரா என்று சாலையில் போகிறவர்கள் ஒரு கணம் நின்று யோசிப்பார்கள். உழைக்கிற உடம்பு, அசதி இருக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அப்படியே நம்பினார். படுத்தவுடன் தூங்குகிறவனுக்கு மனசில் கள்ளமில்லை என்று தனக்குத் தானே ஒரு சான்றிதழும் கொடுத்துக்கொண்டார்.

கள்ளம் மனசில் இல்லை, தொண்டையில் இருந்தது. ஒருநாள் மதியம் லாரிச் சக்கரம் ஒன்றுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர், ஏர் பைப்பைப் பிடித்த பிடியிலேயே உட்கார்ந்தபடி உறங்கிப்போனார். லாரிச் சக்கரத்தில் டயரைப் பிடித்து நிறுத்த ஓர் இரும்பு வளையம் உண்டு. காற்று அளவு மீறினால் அந்த வளையம் தெறிக்கும். தெறித்த வளையம் யார் முகம் என்று பார்க்காது. கூடக் கடையைப் பார்த்துக்கொள்ளும் மச்சினன், அதாவது அண்ணியின் தம்பி, தற்செயலாகத் திரும்பிப் பார்த்தான். மீட்டரின் முள் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கோ போயிருந்தது. பாய்ந்து வந்து பைப்பைப் பிடுங்கினான். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அன்றைக்குப் பெரிய செய்தி.

அண்ணி காதுக்கு விஷயம் போனது. துணிக்கடை ஒன்றில் பேண்ட் உயரம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது என்று வேலை செய்கிறவர் அவர். அளந்து வெட்டியே பழகியவர் என்பதால் பேச்சையும் அளந்துதான் பேசுவார். அன்று சத்தம் போடவில்லை, அழவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் கணவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். உடம்பெல்லாம் ஒயர் மாட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் ராத்திரி முழுக்கத் தூங்கியும் பகலில் விழுகிறார் என்றார்கள். மூக்கின் மேல் முகமூடி மாட்டி, விடிய விடியக் காற்றை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும் மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி தம்பியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். இந்த மெஷினைப் போட்டு ஒழுங்காகத் தூங்கி, டாக்டரும் நானும் சரி என்று சொல்லும்வரை நீங்கள் ஏர் பைப்பைத் தொடக்கூடாது. கல்லாவில் உட்காருங்கள், காசு வாங்குங்கள், வருகிறவர்களை வரவேற்றுக்கொள்ளுங்கள். தம்பியிடம், மாமா கையில் பைப்பைப் பார்த்தால் உன்னோடு பேச்சு இல்லை என்றும் சொல்லிவைத்தார். ஊருக்கே காற்றடித்த மனிதர் கல்லாவில் சாமி சிலை மாதிரி உட்கார்ந்தார். தன் கண்ணெதிரே மச்சினன் தன் டயர்களுக்குத் தன் காற்றை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது இருக்கிறதே, அந்த வேதனை வேறு யாருக்கும் வர வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் மெஷினை ஓட்டிக் காட்டிய பெண், டாக்டர் இல்லை. ஆனால் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, "எங்க, நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று கேட்டதால் காத்தண்ணன் அவருக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்துவிட்டார். காற்று எப்படி வருகிறது, எப்படிக் கசியும், எப்படி வடிகட்டுகிறது என்று டீச்சரம்மா விளக்கியபோது அவர் பெரிய மனசு பண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறாள், பிழைத்துப் போகட்டும் என்று நினைத்தார். பார்க்கப் போனால் அது கம்ப்ரஸர்தான், பால்குடி மறக்காத கம்ப்ரஸர். ஒரே ஓர் இடத்தில்தான் அவருக்கு முகம் சுருங்கியது. மெஷினின் பக்கவாட்டில் சின்னத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் தினமும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், மெஷின் அதைச் சூடாக்கிக் காற்றோடு ஈரத்தை அனுப்பும் என்றார் டீச்சரம்மா. காற்றோடு ஈரம். காத்தண்ணன் தலையை ஆட்டினார். காதை மூடிக்கொண்டு ஆட்டினார்.

நியாயமாகச் சொன்னால், முதல் நாள் தண்ணீர் ஊற்றத்தான் செய்தார். மெஷினைக் கட்டில் தலைமாட்டில் இருந்த உயரமான அலமாரித் தட்டில் வைத்திருந்தார். குழாய் அங்கிருந்து தொங்கி வந்து முகத்தில் ஏறியது. குளிர்காலம், ஜன்னலும் திறந்திருந்தது. விடியும் நேரத்தில் குழாய்க்குள் களகளவென்று சத்தம் கேட்டது. என்ன ஏது என்று புரியுமுன் ஒரு கை தண்ணீர் நேராக மூக்குக்குள் வந்து இறங்கியது. இருமி, தும்மி, எழுந்து உட்கார்ந்தவருக்கு வந்த முதல் உணர்ச்சி பயமில்லை, வெற்றி. நான் அப்போதே நினைத்தேன் என்று இருட்டில் தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டார். இத்தனை வருஷ அனுபவம் பொய்யாகுமா? முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொட்டியைக் கவிழ்த்துக் காயவைத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அண்ணி டீச்சரம்மாவுக்குப் போன் போடுவார், டீச்சரம்மா மறுபடி பாடம் எடுப்பார். இந்த விஷயத்தில் தீர்ப்பு ஆகிவிட்டது, பாடம் எதற்கு?

அன்றிலிருந்து தொட்டி எலும்பாகக் காய்ந்து கிடந்தது. அண்ணியோ மருந்துக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் பாட்டில்களை வாங்கிவந்து அடுக்கினார். அவற்றைக் காத்தண்ணன் காலையில் வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். லாரி பேட்டரிகளுக்கு ஊற்றுவது அதே தண்ணீர்தான். நல்ல பொருளை வீணாக்குவானேன்? "தண்ணி ஊத்தியாச்சா?" என்று அண்ணி கேட்பார். "ஊத்தியாச்சு" என்பார் இவர். எதில் என்று அண்ணி கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மெஷினைத் துடைப்பது கழுவுவதெல்லாம் என் இலாகா, காற்று சமாச்சாரத்தில் நீ கை வைக்காதே என்று முன்கூட்டியே வேலியும் போட்டிருந்தார்.

பிறகு மூக்கு தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. படுத்துக் கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் அடைக்கும். புரண்டு படுத்தால் இடது திறக்கும், வலது அடைக்கும். மல்லாந்து படுத்தால் இரண்டும் கூட்டணி வைத்துக்கொள்ளும். மூக்கு வழி இல்லையென்றதும் வாய் தானாகத் திறக்கும். மெஷின் தள்ளுகிற காற்று அத்தனையும் வாய் வழியாகப் புறப்பட்டுப் போய்விடும். தூக்கத்திலேயே முகமூடியைக் கழற்றி எங்கேயோ வீசிவிடுவார். காலையில் அது தலையணைக்கடியில் இருக்கும், கட்டிலுக்கடியில் இருக்கும், ஒருமுறை செருப்பின் மேல் இருந்தது. தொண்டை காய்ந்து, மூக்குத் தண்டு எரிந்து, கண்ணெல்லாம் சிவந்து எழுந்து வருவார். பகலில் கல்லாவிலேயே தலை சரியும்.

காரணம் தேடுவதில் அவர் சளைத்தவரில்லை. முதலில் மரக்கடைத் தூள் என்றார். பிறகு தலையணைப் பஞ்சு என்றார். அப்புறம் அண்ணி தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்றார், அதைச் சொன்ன வேகத்தில் திரும்பவும் வாங்கிக்கொண்டார். மெஷினில் காற்றை வடிகட்ட மெல்லிய தாள் மாதிரி ஒன்று இருந்தது. அதில்தான் அடைப்பு என்று முடிவுகட்டி, கடைக்குக் கொண்டுபோய், லாரிக்கு அடிக்கிற காற்றை அதன் மேல் பீய்ச்சினார். அடைப்பு போனது, தாளின் நடுப்பகுதியும் கூடவே போனது. அப்புறம் தெருத் தூசியெல்லாம் தங்குதடையின்றி அவர் மூக்குக்கே வந்து சேர்ந்தது. விடிய விடியத் தும்மினார்.

கடைசியில் மருந்துக் கடையில் சொட்டு மருந்து ஒன்று கிடைத்தது. சொட்டியதும் மூக்கு கதவைத் திறந்துவிட்டது போலத் திறந்துகொண்டது. ஆஹா, இதல்லவா மருந்து என்று காத்தண்ணன் டீக்கடையில் எல்லோருக்கும் சிபாரிசு செய்தார். சில நாள்தான் அந்த வாழ்வு. அப்புறம் சொட்டினால்தான் திறக்கும் என்றானது. அப்புறம் சொட்டியும் அரைகுறையாகத்தான் திறந்தது. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், இவர் சொட்டு மருந்து வைத்திருந்தார். காசு வாங்குவதற்கும் மீதி கொடுப்பதற்கும் நடுவில் அண்ணாந்து இரண்டு சொட்டு விட்டுக்கொள்வார். ரேடியேட்டருக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறதே, எங்கேயாவது ஓட்டை இருக்கும் மாமா என்றான் மச்சினன். காத்தண்ணன் உதட்டை இறுக்கிக்கொண்டு சில்லறையை எண்ணினார். வாயைத் திறந்தால் தும்மல் வந்துவிடும் போலிருந்தது.

மெஷினுக்குள் ஒரு கோள்மூட்டி உட்கார்ந்திருந்தது வேறு அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு நேரம் முகமூடி முகத்தில் இருந்தது, எவ்வளவு காற்று கசிந்தது என்று எல்லாவற்றையும் அது பதிந்து வைத்துக்கொள்கிறது. மெஷின் வந்தபின் முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோதே அது எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டது. தீர்ப்பு நீடித்தது. ஏர் பைப் மச்சினன் கையிலேயே இருந்தது. அண்ணியின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. துணிக்கடையில் ஒருவருடைய பேண்ட்டை இரண்டு தடவை உயரம் குறைத்து அரைக்கால் சட்டையாக்கிவிட்டாராம். மெஷின் சத்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று காத்தண்ணன் நினைத்துக்கொண்டார்.

அடுத்த தடவை மச்சினன்தான் வண்டியில் இரண்டு பேரையும் கூட்டிப் போனான். டீச்சரம்மா கேள்விகளை ஆரம்பித்தார். முகமூடி இறுக்கமா? இல்லை. வடிகட்டி? காத்தண்ணன் லேசாக இருமினார். புதியது ஒன்று மாட்டினார்கள். காலையில் எழுந்ததும் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டார் டீச்சரம்மா. காத்தண்ணன் திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தார். நன்றாகத்தான் குறையும் போல, பாட்டில் வாங்கி மாளவில்லை என்று அண்ணி அவருக்காகப் பரிந்து பதில் சொன்னார். மச்சினனுக்குத்தான் குழப்பம். வெள்ளந்தியாகக் கேட்டான்.

"எந்தத் தண்ணி அக்கா? மாமா தினம் கடைக்குக் கொண்டு வர்றாரே, அதுவா? அதைத்தான் நான் பேட்டரிக்கெல்லாம் ஊத்திக்கிட்டிருக்கேன்."

அந்தச் சின்ன அறையில் சுவர்க் கடிகாரம்கூடக் கொஞ்சம் நிதானித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், சோற்றுக்குள்ளிருந்து தானே எட்டிப் பார்க்கிற மாதிரி மெல்லத் தலையைத் தூக்கினார். இனி மறைத்துப் பயனில்லை என்றதும் அவருக்கு வீரம் வந்துவிட்டது. காற்றில் ஈரம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரம்பித்து, துருப்பிடித்த இரும்பு, கெட்டுப்போன வால்வு, அடியில் உள்ள திருகு, அலமாரித் தட்டிலிருந்து மூக்கில் கொட்டிய தண்ணீர் வரை ஒரே மூச்சில் சொன்னார். அடைத்த மூக்கோடு சொன்னதால் பாதி எழுத்துகள் உருக்குலைந்து வந்தன. டீச்சரம்மா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பெரும் பாடுபட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

"சார், டயருக்குள்ள போற காத்து உள்ளயே இருக்கும். உங்க மூக்குல போறது ராத்திரி பூரா ஓடிட்டே இருக்கும். ஓடுற காத்து ஈரத்தை உறிஞ்சிட்டுப் போயிடும், நாம துணி காயப் போடுறோம்ல, அது மாதிரி. மூக்கு பாவம் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? வீங்கிக் கதவைச் சாத்திக்குது. நீங்க வாயால மூச்சு விட்டா இன்னும் காயுது, இன்னும் வீங்குது."

காத்தண்ணன் வாய் திறந்தபடி கேட்டார். எப்படியும் வாய் வழியாகத்தானே மூச்சுவிட வேண்டியிருந்தது. ஓடுகிற காற்று, அடைத்துவைத்த காற்று. இந்த வித்தியாசம் தனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் அவருக்கு உறைத்தது. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று இத்தனை நாள் நின்றவர், நாலாவது காலை உடனே ஒப்புக்கொள்வாரா? தண்ணீர் மூக்கில் கொட்டியது உண்மையா இல்லையா என்று கேட்டார். உண்மைதான், வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாய்க்குள் வரும்போது தண்ணீராக மாறும் என்று டீச்சரம்மா சொல்லி முடிக்குமுன் அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அப்படியென்றால் வாட்டம் தப்பு. மெஷின் மேலே, ஆள் கீழே இருந்தால் தண்ணீர் ஆள் மேல்தான் விழும். மெஷினைக் கட்டிலை விடத் தாழ்வாக வைத்தால் தண்ணீர் தொட்டிக்கே திரும்பி ஓடிவிடும். குழாய்க்கு மேல் துணி சுற்றினால் குளிராது. இதைத்தான் நான் சொல்ல வந்தேன் என்றார் டீச்சரம்மா. காத்தண்ணன் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

டாக்டரும் வந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்த சொட்டு மருந்தை வாங்கி மேசை மேல் வைத்துக்கொண்டார், திருப்பிக் கொடுக்கவில்லை. நாள்கணக்கில் விட்டால் அதுவே மூக்கை அடைக்க ஆரம்பித்துவிடும், இதை நிறுத்தினால்தான் உருப்படும் என்றார். வேறொரு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்புப்பொடி கலந்து, படுக்கப் போகுமுன் மூக்கைக் கழுவவும் சொன்னார்.

வண்டியில் வீடு வரும்வரை அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி பேசாமல் இருப்பதை விடத் திட்டுவது எவ்வளவோ மேல் என்று காத்தண்ணனுக்குத் தெரியும். மச்சினன் பக்கம் திரும்பி அவனை முறைத்துப் பார்த்தார். அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான். வீட்டுக்கு வந்ததும் அண்ணி செய்த முதல் காரியம், தண்ணீர் இலாகாவைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டதுதான். இரண்டாவது, துணிக்கடையில் மிஞ்சிய பேண்ட் துணியில் குழாய்க்கு நீளமாக ஓர் உறை தைத்தார். தையல் அவ்வளவு நேர்த்தி. மாமாவின் மெஷினுக்குப் பேண்ட் போட்டாயிற்று, சட்டை எப்போது என்று மச்சினன் கேட்டான்.

மூக்கு கழுவும் படலம் இருக்கிறதே, அதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். ஒரு துளையில் ஊற்றிய தண்ணீர் மறு துளையில் வரும் என்று சொன்னபோது காத்தண்ணன் நம்பவில்லை. நடுவில் என்னென்ன இருக்கிறதோ, மூளைக்குப் போய்விட்டால்? போக அங்கே இடம் வேண்டுமே என்றான் மச்சினன். கழுவு தொட்டியில் குனிந்து, தலையைச் சாய்த்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஊற்றினார். மறு துளையில் தண்ணீர் வந்தது. பஞ்சர் ஒட்டிய டியூபை முதன்முதலாக ஊதிப் பார்த்த பையனைப் போல அவர் முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை ஊற்றினார், அவசியமே இல்லாமல்.

சொட்டு மருந்தை நிறுத்திய முதல் சில நாள் கொடுமைதான். மூக்கு பழிவாங்கியது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும், வெறுங்கையோடு திரும்பும். தலைமாட்டை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்த மேனிக்கே படுத்தார். ஆனால் அண்ணி தொட்டியில் தண்ணீர் அளவைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தார். மெஷின் தரையோரத்து முக்காலியில் இருந்து வெதுவெதுப்பான காற்றை அனுப்பியது. ஒருநாள் காலையில் எழுந்தபோது முகமூடி முகத்திலேயே இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருந்தார். இரண்டு துளையிலும் காற்று போய் வந்தது. இவ்வளவு காற்று தனக்கென்று வந்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. டீக்கடையில் போய், எல்லாம் வாட்டத்தைச் சரிபண்ணியதால் வந்தது என்று விளக்கினார். தண்ணீரைப் பற்றிச் சொல்ல நேரமில்லாமல் போய்விட்டது.

வாரங்கள் போயின. பகலில் விழுவது நின்றது. கல்லாவில் உட்கார்ந்தே பேப்பரை முழுக்கப் படித்து முடித்தார், அதிலுள்ள தப்புகளையும் கண்டுபிடித்தார். ஒரு சனிக்கிழமை கோள்மூட்டியின் வாக்குமூலம் வந்தது. விடிய விடிய முகமூடி இருக்கிறது, கசிவு இல்லை, மூச்சு நிற்கவில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டு, வேலைக்குப் போகலாம் என்றார். அன்று மாலையே மச்சினன் ஓடி வந்தான். நாளைக்கு மண் அள்ளுகிற பெரிய வண்டியின் சக்கரம் வருகிறது, ஆளுயரம். மாமா வந்து அடிக்கட்டும், பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்றான். காத்தண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். அண்ணி மட்டும் தலையை ஆட்டவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார்.

காத்தண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மெஷின் சொல்லுது, டாக்டர் சொல்றாரு. உனக்கு மட்டும் இன்னும் என்ன சந்தேகம்? என் குறட்டைகூட இல்லாம நிம்மதியாத்தானே தூங்குற?"

அண்ணி தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தார். "நீங்க குறட்டை விட்டப்பதான் நான் தூங்குனேன். அது நின்னா முழிச்சுக்குவேன். அடுத்த மூச்சு வர்ற வரைக்கும் உங்களையே பாத்துக்கிட்டுக் கிடப்பேன். இத்தனை வருஷமா அப்படித்தான். இப்ப ராத்திரி பூரா உங்க சத்தமே இல்ல. மூச்சு வருதா, நின்னு போச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? மெஷினுக்குத் தெரிஞ்சா போதுமா?"

காத்தண்ணன் உட்கார்ந்துவிட்டார். கருவளையத்துக்கு மெஷின் சத்தத்தைக் காரணம் சொன்ன தன் புத்தியை எந்தச் செருப்பால் அடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு, நாளை மதியம் பகல் வெளிச்சத்தில் மெஷினைப் போட்டுக்கொண்டு படுக்கிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து பார், உனக்குத் திருப்தியானால் சொல், இல்லையென்றால் பைப்பைத் தொடவில்லை என்றார். முகமூடியை எடுத்து வந்து, மூக்குக்கு மேலே இருந்த பொடித்துளைகளை அண்ணிக்குக் காட்டினார். "விடுற மூச்சு இது வழியாத்தான் வெளிய வரும். கையைப் பக்கத்துல வச்சுப் பாரு. காத்து வந்தா நான் இருக்கேன்னு அர்த்தம்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அண்ணி ஜன்னல் திரையை விலக்கிவிட்டு, கட்டிலில் அவர் தலைமாட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். துளைகளுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். காத்தண்ணன் பரீட்சை எழுதுகிறவர் போல ஒழுங்காக மூச்சுவிட்டார். இழுத்தார், விட்டார். அண்ணியின் கை விலகவேயில்லை. எந்த இடத்திலும் தூங்குகிற மனிதருக்கு அன்று பார்த்துத் தூக்கம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கை கனத்தது. மெல்லச் சரிந்து அவர் கன்னத்தில் தங்கியது. காத்தண்ணன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அண்ணி சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். லேசாக வாய் திறந்திருந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அண்ணி தூங்கி அவர் பார்த்ததேயில்லை. படுத்ததும் தூங்குகிறவர் அவர், அவர் எழுமுன் எழுந்துவிடுகிறவர் அண்ணி. நடுவில் இருந்த ராத்திரிகளையெல்லாம் அண்ணி எப்படிக் கழித்தார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. முகமூடிக்குள் அவருக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது மேசை மேலிருந்த போன் உறுமத் தொடங்கியது. மச்சினன்தான். பெரிய சக்கரம் வந்து இறங்கியிருக்கும். இந்த அழைப்புக்காகத்தான் அவர் மாதக்கணக்கில் கல்லாவில் கிடந்தார். கையை நீட்டினால் எட்டாது, எழுந்தால்தான் எட்டும். எழுந்தால் கன்னத்தில் இருக்கும் கை விழும். போன் நின்றது, மறுபடி உறுமியது, மறுபடி நின்றது. மச்சினன் அடித்துக்கொள்ளட்டும், அவனுக்கும் கை இருக்கிறது என்று காத்தண்ணன் விட்டுவிட்டார். மூக்கு இரண்டு துளையும் திறந்து அருமையாக மூச்சுவிட்டது. அதன் நுனியில் மட்டும் தாங்க முடியாமல் அரித்தது. அவர் சொறிந்துகொள்ளவில்லை.